தம்பி அனுப்பிய பணமும் துபாயில் கிடக்கும் பணமும்: எதற்கு வரி, எதற்கு இல்லை?

தென்மாவட்டத்திலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது.

கணவர் மின்பொறியாளர். 2014 முதல் துபாயில் வேலை. ஆண்டுக்குச் சுமார் 45 நாள் லீவில் வந்துபோவார். 2025 ஜூன் 10 அன்று ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டார். பணிக்கொடை துபாய்க் கணக்கில் விழுந்து, பிறகு இங்கே மாற்றப்பட்டது. அங்கே சிறிய ஃபிளாட் ஒன்று வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. ஆகஸ்ட் முதல் பழைய கம்பெனிக்கே வீட்டிலிருந்தபடி டிராயிங் வேலை செய்து தருகிறார். மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு ஈடான திர்ஹாம் துபாய்க் கணக்கிலேயே சேர்ந்துகொண்டிருக்கிறது. வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கான என்ஆர்இயில் 30 லட்ச ரூபாய் டெபாசிட் இன்னும் அப்படியே இருக்கிறது. கணவர் முன்பு அனுப்பிய பணத்தில் 18 லட்சம் வாசகியின் பெயரில் வைப்புநிதியாக இருக்கிறது. அதன் வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வருடாவருடம் வங்கியில் 15ஜி படிவம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

வாசகியின் பெயரில் வீடு எழும்புகிறது. அதற்காகச் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி 9 லட்சமும், கனடாவில் இருக்கும் கணவரின் சித்தப்பா மகன் 6 லட்சமும், ஜெர்மனியில் இருக்கும் வாசகியின் அண்ணன் மகன் 80,000 ரூபாயும் வாசகியின் கணக்குக்கு அனுப்பினார்கள். ஜனவரியில் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. கணவர் பெயரில் எழுதிய மொய் 3.4 லட்சம். தாய்மாமன் சீராக 5 பவுன் வந்தது.

"வெளிநாட்டிலிருந்து பேங்க் மூலமாக வந்த பணத்துக்கு வரி இல்லை என்கிறார்கள். தெரிந்த ஒருவர் 50,000 போக மீதிக்கு வரி என்கிறார். திரும்பி வந்து முழுசாக ஒரு வருஷம் ஆகாததால் நான் இன்னும் என்ஆர்ஐ தான் என்கிறார் கணவர். சித்தப்பா மகன் தந்த 6 லட்சத்தைக் கடன் என்று பழைய தேதி போட்டுப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்றும் யோசனை சொல்கிறார்கள். எவ்வளவு வரி கட்ட வேண்டியிருக்கும்?" இதுதான் அவர் கேள்வி.

அம்மா, முதலில் உங்கள் கவலையைக் குறைத்துவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் தொகைகள் சரியென்றால், 2025-26ஆம் நிதியாண்டுக்கு உங்கள் இருவருக்கும் கையிலிருந்து கட்டவேண்டிய வரி பெரும்பாலும் பூஜ்ஜியம். ஆனால் வரி வராது என்பதால் கணக்குக் காட்ட வேண்டாம் என்று ஆகிவிடாது. இருவருமே ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டியவர்கள். இந்த வருமானம் 2026 மார்ச் 31க்கு முந்தையது. ஆகவே இதற்கு 1961ஆம் வருடச் சட்டமே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. நான் கீழே சொல்பவை பழைய எண்கள். அன்பளிப்பு, வசிப்பு நிலை இரண்டிலும் விதிகளின் சாரம் பழையபடியே தொடர்கிறது.

யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார்

அன்பளிப்புக்கு வரி உண்டா என்று பார்க்கும்போது, பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது கணக்கிலேயே வராது. சிங்கப்பூரிலிருந்து வந்தாலும் சிவகாசியிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். வங்கி வழியாக வந்தது என்பது பணம் வந்த வழிக்குச் சாட்சியம், அவ்வளவே. வரிவிலக்குக்கு அது காரணம் ஆகாது.

1958ஆம் வருட அன்பளிப்பு வரிச் சட்டம் 1998 அக்டோபர் 1 முதல் நடப்பில் இல்லை. அப்போது கொடுப்பவர் வரி கட்டினார். 2004 செப்டம்பர் முதல் வேறு ஏற்பாடு வந்தது: வாங்குபவரின் வருமானத்தில் அன்பளிப்பைச் சேர்ப்பது. பிரிவு 56(2)(எக்ஸ்) சொல்வது அதைத்தான். "அன்பளிப்பு வரியைத்தான் எடுத்துவிட்டார்களே" என்று பலர் இன்றும் சொல்வதற்குக் காரணம் இந்தப் பழைய சட்டத்தின் நினைவு.

விதி இது. சட்டம் சொல்லும் "உறவினர்" தந்தால் எத்தனை லட்சமானாலும் வரி இல்லை. மற்றவர்கள் அனைவரும் ஒரு நிதியாண்டில் தந்தது மொத்தம் 50,000 ரூபாய்க்குள் இருந்தாலும் வரி இல்லை. அதைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம். 50,000ஐக் கழித்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குச் சொன்னவர், வரம்பைக் கழிவு என்று நினைத்துவிட்டார். ஒருவரிடம் 40,000, இன்னொருவரிடம் 20,000 வாங்கினால், 60,000 முழுவதும் வருமானத்தில் சேரும்.

அந்த உறவினர் பட்டியல் நம் ஊர் உறவுமுறையோடு ஒத்துப்போகாது. கணவன் அல்லது மனைவி, உங்கள் உடன்பிறந்தவர்கள், கணவரின் உடன்பிறந்தவர்கள், உங்கள் அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள், உங்கள் நேர் முன்னோரும் வாரிசுகளும், கணவரின் நேர் முன்னோரும் வாரிசுகளும், இவர்களுடைய கணவன் மனைவிமார்கள். இதோடு பட்டியல் முடிந்தது. எப்போதும் வாங்குபவரின் இடத்தில் நின்றுதான் உறவைப் பார்க்க வேண்டும்.

தம்பியின் 9 லட்சம் உடன்பிறந்தவர் தந்தது, வரி இல்லை. கணவரின் சித்தப்பா மகனை நீங்கள் கொழுந்தன் என்றே அழைப்பீர்கள். ஆனால் கணவருக்கு அவர் உடன்பிறந்தவர் அல்ல. எனவே 6 லட்சமும் உங்கள் வருமானம். அண்ணன் மகன் விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அத்தையான நீங்கள் அவனுக்குத் தந்தால் வரி இல்லை, ஏனென்றால் அவனுக்கு நீங்கள் அப்பாவின் உடன்பிறந்தவர். அவன் உங்களுக்குத் தந்தால் வரி உண்டு, ஏனென்றால் உடன்பிறந்தவரின் பிள்ளைகள் உங்கள் பட்டியலில் இல்லை. அன்று படிக்க வைத்த மாமாவுக்கு இன்று மருமகன் பணம் அனுப்பினாலும் இதே கதைதான். சட்டம் இப்படி இருப்பது நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இருப்பது இதுதான்.

ஆக உங்கள் வருமானத்தில் சேர்வது 6,80,000 ரூபாய். பழைய சட்டத்திலேயே இருக்கும் புதிய வரிமுறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 2.8 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 14,000 ரூபாய். 12 லட்சம் வரை வருமானமுள்ள வசிப்பவருக்கான 87ஏ தள்ளுபடி அதை முழுவதும் அடைத்துவிடும். 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ரிட்டர்ன் கட்டாயம். ஐடிஆர்-2 என்ற ரிட்டர்ன் படிவத்தை எடுங்கள். பிற வருமான அட்டவணையில் 56(2)(எக்ஸ்) என்றே தனி வரிசை இருக்கிறது, அங்கே எழுதுங்கள். தம்பியின் பணத்தை விலக்கு வருமானமாகக் காட்டிவிடுவது பின்னாளில் கேள்வி வந்தால் உதவும்.

பழைய தேதிப் பத்திரம் வேண்டவே வேண்டாம்

சித்தப்பா மகன் உண்மையிலேயே கடனாகத் தந்திருந்தால் அது அன்பளிப்பு அல்ல, வரியும் இல்லை. ஆனால் வெளிநாட்டில் வசிப்பவரிடம் கடன் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவில் தனி நிபந்தனைகள் உண்டு. அதைவிட, பணம் வந்தபோது இல்லாத கடனை இப்போது காகிதத்தில் உண்டாக்குவது பொய்ச் சான்று. முத்திரைத்தாள் விற்ற தேதி, பணம் அனுப்பியபோது வங்கியில் குறித்த நோக்கம், வாட்ஸ்அப் செய்தி என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். பணத்துக்கு விளக்கம் ஏற்கப்படாவிட்டால், 2025-26க்கு அந்தத் தொகைக்கு 60 சதவீத வரி, மேல்வரியும் செஸ்ஸும் சேர்ந்து 78 சதவீதம். தள்ளுபடியும் கிடையாது. இப்போது பூஜ்ஜியம் கட்ட வேண்டிய இடத்தில் எதற்கு இந்த வேலை?

சித்தப்பாவே தம் சொந்தப் பணத்தை உங்கள் கணவருக்குத் தந்தால் வரி இல்லை, அப்பாவின் உடன்பிறந்தவர் என்பதால். ஆனால் மகன் பணத்தை அப்பா கணக்கில் ஒருநாள் நிறுத்திவிட்டுத் திருப்பி அனுப்பினால் துறை அதை நேரடியாக வந்ததாகவே பார்க்கும்.

அன்பளிப்புகளுக்கு வைத்துக்கொள்ள வேண்டிய ஆதாரங்கள் சுலபமானவை. கொடுத்தவர் கையெழுத்திட்ட வெள்ளைத்தாள் கடிதம் ஒன்று: பெயர், உறவு, பாஸ்போர்ட் எண், தொகை, தேதி, திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வரி. பணத்துக்குப் பத்திரப் பதிவு தேவையில்லை. இதோடு அவர் கணக்கிலிருந்து பணம் போனதைக் காட்டும் பக்கம், உங்கள் வங்கி தரும் உள்வரவுச் சான்று, அவருக்கு அவ்வளவு வருமானம் உண்டு என்பதற்கு ஏதாவது ஓர் ஆதாரம். தம்பியிடமும் வாங்கி வையுங்கள். உறவு விலக்கைத் தரும், ஆனால் பணம் அவருடையதுதான் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

மொய்யும் சீரும்

திருமணத்தின்போது மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு யார் தந்தாலும் வரி இல்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா எதற்கும் அந்த விலக்கு கிடையாது. தாய்மாமன் போட்ட 5 பவுனுக்குக் கவலை இல்லை. மகளுக்கு அவர் அம்மாவின் உடன்பிறந்தவர். மொய் நோட்டை எடுத்து, மேலே சொன்ன பட்டியலில் வருபவர்களை ஒரு பக்கமும் மற்றவர்களை ஒரு பக்கமும் பிரித்துக் கூட்டுங்கள். மற்றவர்களின் கூட்டு 50,000ஐத் தாண்டினால் அது முழுவதும் கணவரின் வருமானம். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தானே என்ற வாதம் வலுவானதுதான், ஆனால் அதிகாரி அதை ஏற்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. ஒரே ஆள் ஒரே விழாவுக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகத் தந்தால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரக்கூடும் என்பதையும் அடுத்த விசேஷத்துக்கு நினைவில் வையுங்கள்.

கணவர் இப்போது யார்?

ஒரு வருடம் ஆகாததால் என்ஆர்ஐ என்று அவர் நினைப்பது தவறு. ஜூன் 10 முதல் மார்ச் 31 வரை 295 நாள் இங்கே இருந்திருக்கிறார். 182 நாள் போதும், வசிப்பவர் ஆகிவிட. ஆனால் அவருக்கு நடுவில் நல்ல ஓர் இடம் இருக்கிறது. முந்தைய 10 வருடங்களில் 9 வருடமாவது வெளிநாட்டுவாசியாக இருந்தவர், அல்லது முந்தைய 7 வருடங்களில் இந்தியாவில் தங்கிய நாட்கள் 729ஐத் தாண்டாதவர், ஆர்என்ஓஆர் எனப்படும் நிலையைப் பெறுவார். வசிப்பவர்தான், ஆனால் வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி இல்லை.

அவருக்கு 2025-26, 2026-27 இரண்டு வருடமும் இந்த நிலை கிடைக்கும். 2027-28இல் கிடைக்காது. அப்போது பின்னோக்கி எண்ணினால் 10இல் 8 வருடம்தான் வெளிநாட்டுவாசி, 7 வருட நாட்களோ 800ஐத் தாண்டிவிடும். பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்களை வைத்து நாட்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் 45 நாள் என்ற உங்கள் சராசரியை வைத்தே சொல்கிறேன்.

இதைப் படிக்கும் வேறு யாராவது திரும்பிவரத் தயாராகிக்கொண்டிருந்தால் ஒன்று: லீவு நாட்களையும் சேர்த்து அந்த நிதியாண்டில் 181 நாளுக்கு மேல் இங்கே தங்காதபடி பார்த்து விமானம் ஏறினால், இவரைப் போல ஆண்டுக்கு 45 நாள் மட்டும் வந்துபோனவருக்கு அந்த வருடம் வெளிநாட்டுவாசியாகவே முடியும். ஆர்என்ஓஆர் சலுகை அதற்கு அடுத்த இரண்டு வருடங்களுக்குத் தள்ளிப்போகும்.

இனி அவருடைய வரவுகள். பணிக்கொடை துபாயில் செய்த வேலைக்கு, துபாய்க் கணக்கில் கிடைத்தது. பிறகு இங்கே மாற்றியது சொந்தப் பணத்தை இடம் மாற்றியதுதான், வரி இல்லை. கம்பெனி அதை நேரே இந்தியக் கணக்குக்கு அனுப்பியிருந்தால் "இந்தியாவில் பெற்ற வருமானம்" என்ற சிக்கல் வந்திருக்கும். ஃபிளாட் வாடகைக்கு இந்த இரண்டு வருடம் இங்கே வரி இல்லை.

டிராயிங் வேலைக்கு வரும் பணம் வேறு கதை. வேலை செய்தது உங்கள் வீட்டு மேசையில். தொழில் நடக்கும் இடம் இந்தியா. பணம் துபாயில் விழுந்தாலும், அங்கேயே கிடந்தாலும், ஆர்என்ஓஆர் ஆக இருந்தாலும் அதற்கு இங்கே வரி உண்டு. அமீரகத்தில் அவர் தனிநபர் வரி எதுவும் கட்டவில்லை என்பதால் கழித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. மேலும், இங்கிருந்து வெளிநாட்டுக்குச் செய்த வேலையின் கூலியை ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் கெடுவுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும். துபாயில் இருந்த காலத்துச் சேமிப்பை அங்கேயே வைத்திருக்கலாம், புதுச் சம்பாத்தியத்தை அதோடு கலக்கக் கூடாது. அடுத்த பில்லிலிருந்தே இந்தியக் கணக்கு எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். வரிக் கணக்குக்கு, அங்கே கிடக்கும் திர்ஹாமை மார்ச் 31 அன்று ஸ்டேட் வங்கி வெளியிடும் தந்திக் கொள்முதல் விகிதத்தில், அதாவது வங்கி வெளிநாட்டு நாணயத்தை வாங்கும் விலையில், ரூபாயாக்க வேண்டும்.

பொறியியல் என்பதால் பிரிவு 44ஏடிஏ அவருக்குக் கிடைக்கும்: வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம். 8 மாத வரவு 12 லட்சம், லாபம் 6 லட்சம். இது ஊழியராக இல்லாமல் கன்சல்டன்டாக இருந்தால்தான். ஒப்பந்தத்தில் சம்பளம், லீவு என்றெல்லாம் இருந்தால் அது சம்பள வருமானம், பாதி கழிவு கிடையாது. ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். முழு வருடத்துக்கு 18 லட்சம் வரும் அடுத்த ஆண்டில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பார், திர்ஹாம் விலையைக் கவனித்துக்கொள்ளட்டும்.

என்ஆர்இ டெபாசிட்டும் உங்கள் பெயரிலுள்ள 18 லட்சமும்

என்ஆர்இ வட்டிக்கான விலக்கு ஃபெமாவின்படி வெளிநாட்டில் வசிப்பவருக்கு உரியது. அந்தச் சட்டத்தில் வந்த நோக்கம்தான் முக்கியம்; நிலையாகத் தங்க வந்தால் வந்த நாளிலிருந்து வசிப்பவர்தான். வங்கி கணக்கின் பெயரை மாற்றவில்லை என்பதால் விலக்கு நீளாது. 7 சதவீதம் என்று வைத்தால் 295 நாளுக்குச் சுமார் 1.70 லட்சம் வட்டி வருமானத்தில் சேரும். வங்கிக்கு உடனே தெரிவித்து, சாதாரணக் கணக்காகவோ ஆர்எஃப்சி எனப்படும் வெளிநாட்டு நாணயக் கணக்காகவோ மாற்றச் சொல்லுங்கள். ஆர்எஃப்சி கணக்கின் வட்டிக்கு ஆர்என்ஓஆர் முடியும்வரை வரி இல்லை, ஆனால் வட்டி விகிதம் ரூபாய் டெபாசிட்டைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்.

கணவர் உங்களுக்குத் தந்த 18 லட்சத்துக்கு வரி இல்லை. அதில் வரும் 1.26 லட்சம் வட்டி உங்களுடையது அல்ல, சட்டப்படி கணவரின் வருமானத்தோடு சேரும். பிரிவு 64 இப்படித்தான் சொல்கிறது. அந்த வட்டியை மறுபடி போட்டு வரும் வட்டி மட்டும் உங்களுடையது. தம்பியின் பணத்தை டெபாசிட் செய்தால் அதன் வட்டி முழுவதும் உங்களுடையது. இரண்டையும் ஒரே கணக்கில் கலந்தால் எது எதன் வட்டி என்று பிரிக்கவே முடியாது, தனித்தனியாக வையுங்கள்.

15ஜி படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓர் உறுதிமொழி இருக்கிறது: இந்த வருமானம் 60 முதல் 64 வரையுள்ள பிரிவுகளின்படி வேறு யாருடைய வருமானத்திலும் சேராது என்று. நீங்கள் அதற்குத்தான் வருடாவருடம் கையெழுத்திட்டீர்கள். முந்தைய வருடங்களில் கணவருக்கு இந்தியாவில் வரிக்குரிய வேறு வருமானம் இல்லை என்பதால் அரசுக்கு இழப்பு இல்லை, பதற வேண்டாம். இனிமேல் கொடுக்காதீர்கள். வங்கி வட்டியிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸை 10 சதவீதம் பிடிக்கட்டும். அந்த வருமானம் கணவருடையது என்று விதி 37பிஏ(2)இன் கீழ் வங்கிக்கு எழுதிக் கொடுத்தால் டிடிஎஸ் அவர் பான் எண்ணில் ஏறும்.

கணவரின் கூட்டு: தொழில் 6 லட்சம், என்ஆர்இ வட்டி 1.70, உங்கள் பெயரிலுள்ள வட்டி 1.26. ஆக 8.96 லட்சம். மொய்யில் உறவினரல்லாதவர் பங்கு உதாரணமாக 2.1 லட்சம் என்றால் 11.06 லட்சம். 12க்குள் இருப்பதால் வரி பூஜ்ஜியம், இடைவெளி ஒரு லட்சத்துக்கும் குறைவு. ஆர்என்ஓஆர் என்பதால் எளிய ஐடிஆர்-4 அவருக்குப் பொருந்தாது, ஐடிஆர்-3 போட வேண்டும். உங்கள் ஐடிஆர்-2க்குக் கெடு ஜூலை 31. இரண்டையும் சேர்த்தே முடித்துவிடுங்கள்.

2026-27இல் தொழில் லாபம் 9 லட்சம், 30 லட்ச டெபாசிட்டின் முழு வருட வட்டி 2.1, உங்கள் பெயரிலுள்ள வட்டி 1.26. மொத்தம் 12.36 லட்சம். 12ஐத் தாண்டிய 36,000 ரூபாய்க்கு மேல் வரி போகாதபடி சட்டத்தில் தணிப்பு இருப்பதால், செஸ்ஸோடு 37,440 ரூபாய் வரும். டிடிஎஸ் போக 10,000 அல்லது அதற்கு மேல் பாக்கி இருந்தால் 2027 மார்ச் 15க்குள் முன்வரியாகக் கட்ட வேண்டும்.

2027 ஏப்ரல் 1 முதல் ஃபிளாட் வாடகை, துபாய் வட்டி எல்லாமே இங்கே வரிக்குரியவை. ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ அட்டவணையும் அந்த வருடம் முதல் கட்டாயம். ஃபிளாட்டை விட்டுவிட்டால் 2015ஆம் வருடக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் அபராதம் இருக்கிறது. அசையாச் சொத்து அல்லாதவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அபராதத்திலிருந்து விலக்கு உண்டு, வீட்டுக்கு அந்த விலக்கு இல்லை. ஃபிளாட்டை விற்கும் எண்ணம் இருந்தால் 2027 மார்ச் 31க்குள் விற்பதா, வைத்திருப்பதா என்பதை இப்போதே கணவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். அதற்குள் துபாயில் விற்று அங்கேயே பணத்தை வாங்கினால் லாபத்துக்கு இங்கே வரி இல்லை.